விலைச்சோறும் விருந்துச்சோறும்

சோற்றை விலைக்கு விற்றல் என்று சொன்ன மாத்திரத்தே முகஞ் சுளிக்கும் தமிழறிஞர் இன்றும் நம்மிடையே உளர். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த நூலைப் பொதுமறை எனப் போற்றும் இனத்தார், இலைக்கு இவ்வளவு, குவளைக்கு இவ்வளவு என விலை எழுதிப் பலகை தொங்கவிடும் நிலைக்கு வந்துவிட்டனரே என்பது அவர்தங் கவலை. திருக்குறள் வகுப்பிலே ஒன்பதாம் அதிகாரம் நடைபெறும்போதெல்லாம் இக்கவலையை ஒருமுறை எடுத்துரைத்துப் பெருமூச்செறிதல் ஆசிரியர் பலர்க்கு வழக்கமாகியும் விட்டது. அந்தக் காலத்திலே திண்ணை இருந்தது, இந்தக் காலத்திலே ஹோட்டல் இருக்கிறது என்று ஒரு வாக்கியத்திலே நாகரிகத்தின் வீழ்ச்சி முழுவதையும் அடக்கிவிடுவர்.

இக்கூற்றை யானும் பல்லாண்டு கேட்டு வந்தவனே. ஆயின், நூல் தேடியும் தலயாத்திரையாகவும் இந்தியாவுக்குப் பலமுறை சென்று, சென்னையிலும் மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் பெங்களூரிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் கடைச்சோறே கதியென நாட்கள் பல கழித்தபின், யான் கொண்ட முடிவு வேறு. விலைச்சோறு விருந்துச்சோற்றிலுஞ் சுவையிற் குறைந்ததாகலாம். அன்பிற் குறைந்தது என்பதிலோ ஐயமேயில்லை. எனினும் ஒரு குணத்திலே அது விருந்துச்சோற்றை வென்றுவிட்டது. உண்ண வந்தவனை நோக்கி, ‘நீ யார்?’ என்று அது கேட்பதில்லை. இவ்வொரு குணத்தின் அருமையை நாம் உணர்ந்தோமில்லை. உணராமையால், அக்குணம் நம் கண்முன்னே தேய்ந்துவருவதையும் கவனித்தோமில்லை. இதனை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவுப் பண்டம் விற்றல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துப் புகார் நகரிலே பிட்டு விற்குங் காழியரையும், அப்பம் விற்குங் கூவியரையும் காண்கின்றோம். இரவு முதிர்ந்தபோது கூவியர் தம் கடையிலே இருந்தவாறே உறங்கிவிழுதலை மதுரைக்காஞ்சி காட்டும். ஆகவே பண்டம் விற்கப்பட்டது. சோறோ பெரும்பாலும் இடப்பட்டது. பட்டினப்பாலையின் அட்டிற்சாலைகளிலே வடித்த கஞ்சி ஆறுபோல் தெருவிலே பரந்து ஓடியது. அஃது அறத்தின் கஞ்சி; வாணிகத்தின் கஞ்சியன்று. பசித்தோர்க்குச் சோறிடுதல் அறம், அதனை விலைக்குக் கொடுத்தல் இழிவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியமைக்கு இத்தகைய பழமை உண்டு.

இவ்விடத்திலே ஒரு வினா எழுகின்றது. இடப்பட்ட சோறு யார்க்கு இடப்பட்டது? எங்கே இருத்தி இடப்பட்டது?

மணிமேகலை அமுதசுரபியை ஏந்தியபோது, பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டாள். காணார், கேளார், கால் முடமானோர், பேணுவாரில்லாதோர் யாவரையும் அழைத்து ஊட்டினாள். 1867ஆம் ஆண்டிலே வடலூரில் இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலையும் அவ்வழியதே. ஆயின் இவை நம் மரபின் சிகரங்கள். சிகரத்தைக் காட்டிச் சமவெளியையும் அவ்வுயரமெனச் சொல்லுதல் பொருந்தாது. சமவெளியிலே நிகழ்ந்தது என்ன? சத்திரங்கள் பலவற்றிலே சாதிவாரியாகப் பந்தி பிரிந்தது. வீடுகளிலே, விருந்தினன் படலையைத் திறந்தவுடன், ‘தம்பி எந்த ஊர்? ஆர் வீட்டுப் பிள்ளை?’ என்ற வினா எழுந்தது. அவ்வினாவின் விடையைப் பொறுத்து ஒருவனுக்கு உள்வீடு, ஒருவனுக்குத் திண்ணை, ஒருவனுக்கு முற்றம், ஒருவனுக்கு வேலிக்கு அப்பால் என இடம் வகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த எவர்க்கும் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் விருந்தோம்பலின் இனிமை பொய்யன்று. அவ்வினிமைக்கு எல்லை இருந்தது என்பதும் பொய்யன்று.

இந்தியாவிலே புகைவண்டியும் அலுவலகமும் கல்லூரியும் நகரங்களைப் பெருக்கியபோது, உறவினர் வீடு இல்லாத ஊரிலே உண்ணவேண்டிய மக்கட்கூட்டம் ஒன்று முதன்முறையாகத் தோன்றியது. அவர்கள் பொருட்டே காப்பிக் கடைகளும் சாப்பாட்டு ஹோட்டல்களும் எழுந்தன. எழுந்தபோதே அவை சமத்துவத்தோடு எழுந்தன என்று எண்ணற்க. பழைய வினா பெயர்ப்பலகையாக மாறிக் கடைவாயிலிலே தொங்கியது. ‘பிராமணாள்’ என்ற சொல் அந்நாளைய பலகைகளிலே சர்வ சாதாரணம். சமைப்பவன் இன்னான் என்று உண்பவனுக்கு உறுதி கூறுதலும், உண்ண வருபவன் இன்னானாக இருத்தல் வேண்டும் என்று குறிப்பாலுணர்த்துதலும் ஆகிய இரண்டையும் அவ்வொரு சொல் செய்தது. தென்னிந்தியப் புகையிரத நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலே பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்றிருந்த பிரிவு 1941ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. அதன்பின் 16 ஆண்டு கழித்து, 1957ஆம் ஆண்டிலே, சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பலகையிலிருந்த அச்சொல்லை நீக்குமாறு பெரியாரின் திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். மாதங்கள் பல கடந்த பின்னரே சொல் நீங்கியது. ஒரு சொல்லை அழித்தற்கு எத்துணைக் காலம் வேண்டியிருந்தது என்பதனை இலக்கண வகுப்பு மாணவர் நினைத்துப் பார்த்தல் நன்று.

இதற்கிடையே சட்டமும் வந்தது. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதி நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் பதினைந்தாம் உறுப்பு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவை காரணமாக எவரையுங் கடைகளிலோ பொது உணவகங்களிலோ விடுதிகளிலோ புகவொட்டாது தடுத்தல் ஆகாது என விதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, பொது உணவகத்திலுள்ள பாத்திரங்களை ஒருவர் பயன்படுத்துவதைத் தடுத்தலையுங் குற்றமாக்கியது. ஒரு பெருநாட்டின் பாராளுமன்றம் கூடி, தேநீர்க் குவளையைப்பற்றிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது! குவளை அற்பப் பொருளென்று நாம் கருதுவோமாயின், அதனைச் சட்டத்திலே எழுதியவர்கள் நம்மிலும் நாட்டை நன்கறிந்தவர்கள் என்பதே உண்மை.

ஆயினுஞ் சட்டம் வாயிலைத் திறக்கும். பக்கத்திலே இருத்தி வைக்காது. அருகருகே இருத்தி வைத்தது ஹோட்டலின் நடைமுறையே. உடுப்பிப் பகுதியிலிருந்து எளிய தொழிலாளியாகச் சென்னைக்கு வந்த கே. கிருஷ்ணராவ் 1938ஆம் ஆண்டிலே இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். அவரைப்போன்ற உடுப்பியார் பலர் தென்னாடெங்கணும் மும்பையின் மாதுங்கா வரையும் கடை விரித்தனர். இவர்கள் சீர்திருத்தக்காரர் அல்லர், வணிகர். நண்பகலில் ஓர் இருக்கையிலே எத்தனைபேர் எழுந்தமர்வர் என்பதே அவர்தம் கணக்கு. நான்கு இருக்கை மேசையிலே ஒருவரை இருத்தி மூன்றை வெறுமையாக விடுதல் அக்கணக்குக்கு ஒவ்வாது. ஆகவே எவர் பக்கத்திலும் எவரும் அமர்வர். கோத்திரமும் குலமும் ஆராய்தற்கு நேரமில்லை. அறிஞர் மேடையிலே நின்று பல்லாண்டு உரைத்துஞ் செய்ய இயலாதவொன்றை, பசியும் அவசரமும் இலாபமும் ஒருங்கு கூடிச் செய்துவிட்டன. நோக்கம் அறமன்று என்பதற்காக விளைவையும் இகழ்தல் முறையோ?

சென்னையிலே ஒரு நண்பகற்பொழுது யான் கண்டது இது. கூட்டம் மிகுந்த சைவ உணவுச்சாலை ஒன்றிலே, என் மேசையின் எதிரே கறுப்பங்கியோடு ஒரு வழக்கறிஞர். அவரருகே காக்கிச் சட்டையோடு ஓர் ஆட்டோ ஓட்டுநர். என் பக்கத்திலே புத்தகப்பையை மடியில் வைத்த மாணவி ஒருத்தி. நால்வரும் ஒருவரையொருவர் முன்பின் அறியோம். பரிசாரகர் வந்து, இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா தோசை, நெய் ரோஸ்ட் என்று மூச்சுவிடாமற் கூறிய வேகத்தைக் கண்டபோது, நிகண்டு மனனஞ் செய்த என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. எம்முள் எவரும் அத்துணைச் சுத்தமாக ஒப்புவித்ததில்லை. யான் ‘கோப்பி’ என்றதும் ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்து, “ஐயா சிலோனுங்களா?” என்றார். ஆம் என்றேன். தண்ணீர்க் குவளையை என்பக்கம் நகர்த்தி, “நம்ம ஊரு சாப்பாடு பிடிக்குதுங்களா?” என்றார்.

அவரும் என் ஊரைத்தான் கேட்டார். ஆயின் இலையிடுமுன் கேட்குங் கேள்வி வேறு. இலையிட்டபின் கேட்குங் கேள்வி வேறு. முன்னது தகுதி ஆராய்வது. பின்னது உறவு தேடுவது. விடை எதுவாயினும் எதிரிலுள்ள இட்டலி எடுத்துக்கொள்ளப்படமாட்டாது என்ற உறுதி இருக்கும்போதுதான், ‘எந்த ஊர்?’ என்ற வினா அன்பு வினாவாகின்றது.

பெங்களூரிலே இன்னொரு வகையான மாற்றத்தைக் காணலாம். இலால்பாக் வீதியிலுள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் இந்திய உணவுச்சாலைகளுட் புகழ்பெற்றது. 1924ஆம் ஆண்டிலே மையா சகோதரர்கள் தொடங்கியபோது அதன் பெயர் பிராமின் காபி கிளப் என்பது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அரிசி அருகியபோது ரவையிலே இட்டலி செய்யத் தலைப்பட்டவர் தாமே என்று அக்கடையார் கூறுவர். அச்சகோதரருள் ஒருவராகிய யக்ஞநாராயண மையா 1951ஆம் ஆண்டிலே ஐரோப்பா சென்று ஆங்குள்ள உணவுச்சாலைகளின் தூய்மையைக் கண்டு திரும்பினார். பாத்திரங்களைத் தூய்மை செய்யும் முறை மாறிற்று. உண்ண வருவோர் சமையலறையையும் பார்த்துச் செல்லலாம் என்ற வழக்கமும் ஏற்பட்டது. 1960ஆம் ஆண்டளவிலே பழைய பெயரும் போயிற்று. இந்நிகழ்ச்சியின் பொருளை ஊன்றி நோக்குமின். முன்னர் உணவின் தூய்மைக்குச் சான்று சமைத்தவனின் சாதி. பின்னர் அதற்குச் சான்று சமையலறையின் தரை, பாத்திரத்தின் விளிம்பு, கொதிக்கும் வெந்நீர். தீட்டு என்ற சொல்லின் இடத்தைத் துப்புரவு என்ற சொல் பிடித்துக்கொண்டது. ஒரு மொழியின் சொற்பொருள் வரலாற்றிலே இதனினுஞ் சிறந்த மாற்றத்தை யான் அறியேன்.

மும்பையிலே பாரசீகத்து யஸ்து, கெர்மான் முதலிய இடங்களிலிருந்து வந்த சரதுஷ்டிர மதத்தினர் தொடங்கிய ஈரானிக் கடைகள் உள்ளன. இன்று அவை அருகிவிட்டன. தெருமூலைக் கடை ஆகாது என்று ஏனை வணிகர் ஒதுக்கியவற்றை இவர்கள் விரும்பி எடுத்தனர் என்பர். இருபுறத் தெருவும் தெரியும் அக்கடைகளின் சலவைக்கல் மேசையிலே, ஒரு வெண்ணெய் தடவிய பன்னையும் ஒரு தேநீரையும் முன்வைத்து, வேலை தேடி வந்த இளைஞரும் எழுத்தரும் பத்திரிகைக்காரரும் நெடுநேரம் இருந்து பழகினர். அந்நிய நாட்டிலிருந்து வந்தவன் நடத்திய கடை. அவனுக்கு உள்ளூர்ச் சாதி நுணுக்கங்களிலே பற்றில்லை. அந்நியனாயிருத்தலே அங்கு ஒரு தகுதியாயிற்று.

காப்பிச்சாலையின் கதை இன்னுஞ் சிறப்புடையது. காப்பிச் சபையார் நாடெங்கும் நடத்திவந்த இந்தியா காப்பி ஹவுஸ்களை 1950களிலே மூடத் தலைப்பட்டபோது, வேலையிழந்த பரிசாரகரும் சமையற்காரரும் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலாற் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 1957ஆம் ஆண்டிலே பெங்களூரிலும் டில்லியிலும் தொடங்கிய அம்முயற்சி அடுத்த ஆண்டு கேரளத்துக்குச் சென்றது. விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு நமக்குக் காப்பி கொண்டுவருபவர் அங்கே வெறும் ஊழியர் அல்லர், கடையின் பங்காளர். திருவனந்தபுரத்துத் தம்பானூரில், லாரி பேக்கர் என்னுங் கட்டடக் கலைஞர் செங்கல்லாற் சுருள்வடிவிலே எழுப்பிய காப்பிச்சாலையிலே ஏறிச் சென்று அமர்ந்தால், மேலிடம் கீழிடம் என்று பிரிக்கவே இயலாது. தரை சாய்ந்து வளைந்து ஏறிக்கொண்டே போகின்றது. கல்கத்தாவிலே கல்லூரித் தெருவின் பழைய ஆல்பர்ட் மண்டபத்தில் இயங்குங் காப்பிச்சாலை, வங்க எழுத்தாளர்க்கும் மாணவர்க்குந் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கு வெளியே ஒரு பள்ளியாய் இருந்து வருகின்றது.

சென்னைக்கும் அத்தகையதோர் இடம் இருந்தது. 1962ஆம் ஆண்டிலே கிருஷ்ணராவ் கதீட்ரல் வீதியில் மரநிழலிலே அமைத்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ், ஒரு காப்பிக்கு ஒரு முற்பகல் முழுவதும் இருந்து பேசத்தக்க இடமாய் விளங்கியது. 2008ஆம் ஆண்டிலே அது மூடப்பட்டது. அந்நிலத்திலே 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்காவுக்குச் செம்மொழிப் பூங்கா என்று பெயர். தமிழ் பேசி மகிழ்ந்த இடம் போய்த் தமிழின் பெயர் தாங்கிய இடம் வந்தது. பூங்காவை யான் குறைகூறவில்லை, அழகிய பூங்காவே. ஆயின் மொழி, பெயர்ப்பலகையிலா வாழ்கிறது, மேசையைச் சுற்றியா வாழ்கிறது என்ற ஐயம் ஒரு தமிழாசிரியனுக்கு எழாமல் இராது.

திருவல்லிக்கேணி மறியலும் காப்பித் தொழிலாளர் சங்கமும் நிகழ்ந்த அதே 1957ஆம் ஆண்டிலேதான், நம் நாட்டிலும் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதனையடுத்து யாழ்ப்பாணத்திலே தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காக நடந்த போராட்டங்களும், 1960களின் பிற்பகுதியிலே அவை கோயில் வாயில்வரை சென்றமையும் நம் முதியோர் நினைவில் உள்ளன. கடைக்கு வெளியே நின்று வேறு பாத்திரத்திற் பருகியவர்கள், உள்ளே வந்து அமர்ந்து ஒரு தேநீர் கேட்டற்காக அடியுண்டனர். அவர்கள் கேட்டது இலவசத் தேநீரன்று. விலை கொடுத்தே கேட்டனர். விலைச்சோற்றை இகழும் அறிஞர் இதனை ஒருகணஞ் சிந்திப்பாராக. விருந்தாக ஒருநாளும் அழைக்கப்படாதவனுக்கு, விலை கொடுத்து வாங்கும் உரிமையே மானத்தின் முதற்படியாயிருந்தது.

இனி, எதிர்வாதத்தை நோக்குவோம். “சாதி போய் அவ்விடத்திலே பணம் வந்தது. ‘நீ யார்?’ என்று கேளாத கடை, ‘உன்னிடம் எவ்வளவு உண்டு?’ என்று கேட்கின்றதே, இஃதென்ன முன்னேற்றம்?” என்பர். இவ்வாதம் வலிமையுடையது. யான் இதனைப் புறக்கணியேன். அதே அடுப்பில் வந்த அதே காப்பி, குளிரூட்டிய அறையிலே ஒரு விலைக்கும் வெளிமண்டபத்திலே ஒரு விலைக்கும் விற்கப்படுதலை இன்று இந்திய நகரமெங்குங் காணலாம். 2017ஆம் ஆண்டு யூலையிலே சரக்கு சேவை வரி வந்தபோது, அரசும் குளிரூட்டிய உணவகத்துக்கு நூற்றுக்கு 18, குளிரூட்டாததற்கு நூற்றுக்கு 12 என்று வரியிலேயே பிரிவினை செய்தது. அவ்வாண்டு நவம்பரிலே இரண்டுக்கும் 5 என்று ஒன்றாக்கியது. வரி ஒன்றாயிற்று, அறைகளின் கதவு திறந்தபாடில்லை. கண்ணாடிக் கதவின் இருபுறமும் இருப்போர் ஒருவரையொருவர் பார்க்கின்றனர்; ஒரே மேசையில் அமர்வதில்லை.

ஆயினும் பணத்தின் வேலிக்கும் பிறப்பின் வேலிக்கும் வேற்றுமை உண்டு. பணவேலியைத் தாழ்த்தலாம். 2013ஆம் ஆண்டிலே சென்னையிலே தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் இட்டலி ஒரு ரூபாவுக்கும் தயிர்ச்சோறு மூன்று ரூபாவுக்கும் சாம்பார்ச்சோறு ஐந்து ரூபாவுக்கும் விற்கப்பட்டன. யானும் வரிசையில் நின்று உண்டிருக்கிறேன். முன்னே மூட்டை தூக்குவோர். பின்னே மருத்துவமனைக்கு நோயாளரோடு வந்த உறவினர். அதனை இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்பார்க்கு ஒரு விடை: ஒரு ரூபாவாயினுங் கொடுத்து உண்பவன் தலைநிமிர்ந்து உண்கிறான். பணவேலியை அரசோ கூட்டுறவோ இவ்வாறு தாழ்த்தலாம். பிறப்பென்னும் வேலியை எந்த விலைப்பட்டியலாலுந் தாழ்த்த முடியாது.

அவ்வேலி முற்றாகப் போய்விட்டதெனவும் நாம் மயங்கலாகாது. தமிழ்நாட்டுக் கிராமத் தேநீர்க்கடைகள் சிலவற்றிலே இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் இருந்தமை யாவரும் அறிந்ததே. தென்மாவட்டம் ஒன்றிலே பேருந்து நின்ற சிற்றூர்க் கடையிலே யான் கண்டது, அதன் இக்கால வடிவம். பயணிகளாகிய எங்கட்குக் கண்ணாடிக் குவளையிலே தேநீர் வந்தது. உள்ளூரார் சிலர்க்கும் அவ்வாறே. சற்று ஒதுங்கி நின்ற இருவர்க்கு மட்டுங் காகிதக் குவளை. அவர்கள் கேட்டு வாங்கவில்லை. கடைக்காரர் முகம் பார்த்தே கொடுத்தார். அருகிலிருந்த பயணியை வினவினேன். “காகிதக் குவளை சுகாதாரமானதுங்க” என்றார். சுகாதாரமானதாயின் எங்கட்கு ஏன் கிடைக்கவில்லை என்ற என் வினாவுக்கு அவரிடம் விடையில்லை. பெங்களூரிலே தீட்டினை வென்ற துப்புரவு என்ற சொல், இங்கே அத்தீட்டுக்கே போர்வையாயிற்று. சட்டப் புத்தகத்திலே குவளை என்று எழுதியவர்கள் காகிதக் குவளையை நினைத்திருக்கமாட்டார்கள்.

மேசை துடைப்போரையும் மறத்தலாகாது. உணவு கொண்டுவருபவர் இலை எடுக்கமாட்டார். இலை எடுப்பவர் உணவு தொடார் என்ற ஒழுங்கு பல கடைகளிலே இன்றும் உண்டு. முன்னர் அவ்வேலையைச் சிறுவர் செய்தனர். பதினான்கு வயதுக்குட்பட்டோரை உணவகங்களில் வேலைக்கமர்த்தலாகாது என்று 2006ஆம் ஆண்டு ஒக்டோபரிலே தடை வந்தது. இன்று சென்னைக் கடைகளிலே மேசை துடைப்போர் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் ஒடிசா, வங்கம் முதலிய இடங்களிலிருந்தும் வந்த இளைஞர். அவர்கள் முதலிற் கற்குந் தமிழ்ச்சொல் ‘தண்ணி’ என்பது. எதிரே அமர்ந்தவனை ‘நீ யார்’ என்று கேளாமை பெருங்குணம். மேசை துடைப்பவனை ஒருநாளுங் கேளாமை அக்குணத்தின் குறைபாடு. அவனிடம் மட்டும், ‘தம்பி எந்த ஊர்?’ என்று நாமே முந்திக் கேட்கலாம்.

இவையெல்லாவற்றினும் கவலைக்கிடமானது அண்மைக்காலத்து நிகழ்ச்சி. 2024ஆம் ஆண்டு யூலையிலே, வட இந்தியாவிற் கங்கைநீர் கொணரும் காவடி யாத்திரையின்போது, யாத்திரைப் பாதையிலுள்ள உணவுக்கடைகள் உரிமையாளர் பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிடவேண்டும் என உத்தரப்பிரதேசத்திலும் உத்தராகண்டத்திலும் அதிகாரிகள் கட்டளையிட்டனர். பெயர் தெரிந்தால் மதந் தெரியும். மதந் தெரிந்தால், உண்பதா கடப்பதா என்பது முடிவாகும். அம்மாதம் 22ஆந் திகதி உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எவ்வகை உணவு என்று எழுதுமாறு கேட்கலாம், பெயர் எழுதுமாறு வற்புறுத்தலாகாது என்றது. அவ்வழக்கைக் கேட்ட நீதிபதி ஒருவர், கேரளத்திலே தாம் பணியாற்றிய காலத்தில் முஸ்லிம் ஒருவர் நடத்திய சைவ உணவுச்சாலைக்கே துப்புரவை முன்னிட்டுச் சென்றதாகக் கூறினார். அவர் பார்த்தது சமையலறையை; கட்டளையிட்டவர்கள் பார்க்கச் சொன்னது பெயரை. திருவல்லிக்கேணியிலே பல மாத மறியலின் பின் பலகையிலிருந்து இறங்கிய பிறப்பின் அடையாளத்தை, அரசே மீண்டும் ஏற்றச் சொன்னது. முன்னர்க் கடைக்காரன் உண்பவனை ‘நீ யார்?’ என்றான். இப்போது உண்பவன் கடைக்காரனை ‘நீ யார்?’ என்று கேட்குமாறு பழக்கப்படுகிறான். வினா ஒன்றே, வாய்தான் மாறியது.

ஆகவே நம் ஆசிரிய அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். விருந்தோம்பல் அதிகாரத்தைக் கற்பிக்கும்போது பெருமூச்செறிதலை விடுக. திண்ணையின் பெருமையைச் சொல்லுக. அத்திண்ணையிலே யார் இருத்தப்பட்டார், யார் இருத்தப்படவில்லை என்பதனையுஞ் சேர்த்துச் சொல்லுக. இந்தியாவுக்கு மேற்படிப்புக்கும் யாத்திரைக்குஞ் செல்லும் மாணவர் பயணக்கட்டுரை எழுதும்போது, கோபுரத்தின் உயரத்தையும் தோசையின் முறுகலையும் எழுதுகின்றனர். நன்று. அவற்றோடு, மேசையில் எதிரே யார் அமர்ந்தார், குவளை எல்லார்க்கும் ஒன்றா, கதவு யார்க்கு மூடியது என்பவற்றையும் எழுதுவாராக. அவை சுவையான செய்திகள் அல்ல. ஆயின் ஒரு நாட்டை அறிதற்கு அவையே உதவுவன.

விருந்துச்சோற்றின் அன்பையும் விலைச்சோற்றின் பொதுமையையும் ஒன்றாக்கிய கலம் ஒன்று நம் காப்பியத்திலே உண்டு; அது மணிமேகலையின் கையிலிருந்தது. அது நம் கைக்கு வருமளவும், முன்பின் அறியாத ஒருவன் பக்கத்திலே அமர்ந்து அதே குவளையில் நீர் பருகக்கூடிய இடம் எதுவாயினும், அங்கே விலைப்பலகை தொங்கினும், அதனை இகழாதிருப்போமாக. அத்தகைய இடம் நம் ஊரில் எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்ப்போமாக.